ஜாக்கியும் ஒன்பதும்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கணிதத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் திருச்சபையின் செயலாளர் பொறுப்பையும் ஒரு குறைச்சொல் கேளாமல் வகித்து ஒப்படைத்தவன். ஊரில் என்னைத் 'தேவசகாயம் சார்' என்று அழைக்காதவர் என் மூத்த சகோதரி ஒருவர்தான். அடிலெய்டில் மகள் வீட்டுக்குக் குடிவந்த மறுவாரமே, ரொட்டிக் கடைப் பெண் என்னை 'டேவ்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது திரும்புகிறேன், ரொட்டி வேண்டுமே.

இந்த டேவைப் பற்றிய ஒரு செய்தி ஊர்வரை போய்விட்டதால் இதை எழுத நேர்ந்தது. பக்கத்து வீட்டு கிரஹாம், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், சனிக்கிழமைதோறும் என்னை முதியோர் கிளப்புக்கு அழைத்துச் செல்வார். அங்கே போக்கர் ஆடுவோம். காசு கிடையாது; பிளாஸ்டிக் வில்லைகள்தான், அவையும் ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குப் போய்விடும். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். மேசையில் விரிப்பவை எல்லோருக்கும் பொது. கையில் ஒன்றுமில்லாமலே பெரிய சீட்டு வைத்திருப்பவர்போல் வில்லைகளை முன்னே தள்ளி, எதிராளியை விலகச் செய்வதற்குப் பிளஃப் என்று பெயர். இவர்கள் அதை ஒரு கலையாகவே போற்றுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று முதல் நாளே தெரிவித்தேன். "பிளஃப் செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், டேவ்" என்றார் கிரஹாம்.

நான் சீட்டுப் பிடித்துப் பழகியது விடைத்தாள் திருத்தும் முகாம்களில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு ஆடுவோம். கேரளத்தோடு எங்கள் மாவட்டத்துக்கும் உரிமையுள்ள ஆட்டம் அது. அதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பே இல்லை. ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது ஒன்பது, ஏஸ் அதற்கும் கீழேதான். ஒரே இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் வந்தவன் பிறகு கூட்டாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தோற்ற கட்சி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கம்மலுக்கு எங்கே போவது? துணிக் கிளிப்பை மாட்டினோம். என் நிரந்தரக் கூட்டாளி, குலசேகரம் தங்கையா, கிளிப்போடே தலைமைத் தேர்வாளர் முன் போய் நின்றதுண்டு. நான் கழற்றிவிட்டுத்தான் போவேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கிளப்பில் போட்டி. பரிசு ஒரு பெரிய தட்டு நிறைய ஆட்டிறைச்சி. பெரியவர்கள் இறைச்சிக்காக இவ்வளவு ஆவலுடன் ஆடுவதை வேறெங்கும் நான் கண்டதில்லை. கடைசியில் கிரஹாமும் நானும் மட்டும் மிஞ்சினோம். எனக்கு வந்த இரண்டு சீட்டுகளை நுனி தூக்கிப் பார்த்தேன். ஆடுதன் ஜாக்கி, ஆடுதன் ஒன்பது; இரண்டிலும் சிவப்பு இதயம். போக்கரில் ஜாக்கி ராணிக்கும் கீழே, ஒன்பது அதற்கும் கீழே என்பதை நான் என்றோ மனப்பாடம் செய்தவன். அந்தக் கணத்தில் அது மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், தேவைப்படவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. எல்லா வில்லைகளையும் முன்னே தள்ளினேன்.

கிரஹாம் தம் சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் யோசித்து, தம்மிடமிருந்த இரண்டு ராணிகளையும் கவிழ்த்து விலகிக்கொண்டார். என்ன வைத்திருந்தேன் என்று கேட்டார். பெருமையுடன் விரித்துக் காட்டினேன். எல்லோரும் மேசைகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். "இதை வைத்துக்கொண்டா?" என்றார் கிரஹாம். "இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றேன். சிரிப்பு அடங்கவே வெகுநேரமாயிற்று. சீட்டுகளுக்கு உரிய மரியாதை செய்கிறார்கள் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

இறைச்சித் தட்டோடு நான் நிற்கும் படத்தை, 'அப்பாவின் மாபெரும் பிளஃப்' என்று எழுதி மகள் உறவினருக்கெல்லாம் அனுப்பினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் அது சபை முழுவதும் பரவியிருந்தது. டிசம்பரில் நான் ஊருக்குப் போகும்போது, சபையார் அத்தனை பேரும் கூடி உண்ணும் அசனத்தில் உணவுக்கு ஜெபிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கம் கிடையாது. அதற்குத்தான் ஆபத்து வந்தது.

ஞாயிறு மாலைகளில் தங்கையா, இப்போதைய செயலாளர் பால்ராஜ், நான் மூவரும் கைபேசியில் தனி மேசை போட்டுப் போக்கர் ஆடுவது வழக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்; தோற்றவர் காதில் துணிக் கிளிப் என்பது இங்கும் சட்டம். அன்று பால்ராஜ் முதலில் சீட்டைத் தொடவேயில்லை.

"சாரே, நான் கேக்கேன்னு வருத்தப்படப்பிடாது. பிளஃபுன்னா பொய்தான? பொய் சொல்லி வாங்குன எறச்சியத் தின்ன வாயால அசனத்துக்கு செபம் பண்ண முடியுமான்னு ஆளுவ கேக்காவ."

என் வாழ்நாளில் எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தங்கையாதான் குறுக்கிட்டார்.

"எறச்சியப் பத்திக் கேக்கியே, சாருக்க கையில என்ன சீட்டு இருந்துன்னு கேட்டியா வே?"

"என்ன இருந்து?"

சொன்னேன். பால்ராஜின் முகம் கைபேசியின் அருகே வந்தது.

"ஜாக்கியும் ஒம்பதுமா? ரெண்டும் ஆடுதனா?" என்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்ன அவிய எல்லாத்தையும் வைக்காம யாரு வைப்பா?"

"அதத்தான் நானும் சொல்லுகேன்" என்றார் தங்கையா. "நீ அந்தக் கிளிப்ப எடுத்துத் தயாரா வை. இன்னைக்கு ஒனக்குத்தான்."

அப்படியே நடந்தது. காதில் நீலக் கிளிப்போடு பால்ராஜ், அசன ஜெபம் என்னுடையதே என்று முறைப்படி அறிவித்தார். கிளிப்பைக் கழற்றுமுன், அந்த இறைச்சி நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்றும் விசாரித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் நான் நுழைந்ததும் எழுந்து கை தட்டினார்கள். 'பிளஃப் டேவ்' என்று பொறித்த ஒரு பட்டையைக் கிரஹாம் என் சட்டையில் குத்தினார். அந்தச் சீட்டுகளின் உண்மையான மதிப்பை அவருக்கு இருமுறை விளக்கினேன். இருமுறையும் அருமையான நகைச்சுவை என்று தோளில் தட்டினார். ஆட்டம் முடியும்வரை பட்டையை அணிந்திருந்தேன். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அதை வைக்கவில்லை. இங்கே என்னைத் துணிச்சல்காரன் என்கிறார்கள். அங்கே சிலர் இன்னமும் பொய்யன் என்கிறார்களாம். இரு தரப்புக்கும் சொல்லிவிடுகிறேன். நான் பிளஃப் செய்யவில்லை. என் கையில் ஆடுதன் ஜாக்கியும் ஒன்பதும் இருந்தன.