எல்லா வயலிலும் ஒரே விளைச்சல்

சராசரி, திட்டவிலக்கம் என்ற சொற்களைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அவற்றைச் சொல்லிக்கொடுத்தவள் உங்களைவிட அதிகம் பட்டிருக்கிறாள். அறுபதுகளின் கடைசியில், அந்தமானின் போர்ட் பிளேரில் அரசு குமாஸ்தாக்களுக்கு இலாகாத் தேர்வுக் கணக்கு நடத்தினேன். பி.எஸ்ஸி. முடித்து, துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவிடம் வந்திருந்தேன். ஊரில் சும்மா இருந்த ஒரே கணக்குப் பட்டதாரி நான்தான்.

கரும்பலகைக்கு ஒரு வகுப்பு

எதிரே எல்லோரும் என்னைவிட மூத்த ஆண்கள். முதல் நாள் முழுக்க அவர்களுக்கு முதுகைக் காட்டியே சராசரியை முடித்தேன். முன்வரிசையில் சதாசிவம், விவசாய இலாகா குமாஸ்தா, ராமநாதபுரத்துக்காரர். தேறினால்தான் வேலை நிரந்தரம், நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் மனைவியையும், இன்னும் முகமே பாராத மகளையும் மெயின்லாண்டிலிருந்து அழைத்துவர முடியும். வகுப்பு முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"டீச்சர், போர்டுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும். நாளைக்குக் கொஞ்சம் எங்களுக்கும் சொல்லுங்க."

வெங்காய விலை

புத்தகத்துக் கோதுமை விலை யாருக்கும் ஏறவில்லை. உள்ளூர்க் கணக்காக இருக்கட்டும் என்று, அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் பாயிடம் ஒரு மாத வெங்காய விலையை நாள்வாரியாகக் கேட்டேன். கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே, எதற்கென்று சொல்லாமல் கேட்டதில், விலைக் கட்டுப்பாட்டு ஆபீஸ் அனுப்பிய ஆள் என்று நினைத்து டீ வரவழைத்தார். பரீட்சைக்குத்தான் என்று தெரிந்ததும் டீயைத் தானே குடித்தார். கப்பல் வந்தால் மலிவு, தாமதமானால் ஏற்றம், அப்புறம் மூட்டையே காலி. அந்தக் காலி நாட்களுக்கு என்ன எழுதுவது என்றேன்.

"இல்லாத வெங்காயத்துக்கு நான் என்னம்மா வெல சொல்றது? நீ படிச்ச புள்ள, நீயே ஒண்ணு போட்டுக்க."

பூஜ்யம்

சதாசிவம் ஆபீஸிலிருந்தே எண்கள் கொண்டுவந்தார்: வடக்கு அந்தமானில், திக்லிபூரில் குடியேறியவர்களின் நெல் விளைச்சல். திட்டவிலக்கம் பூஜ்யம் வந்தது. மறுபடி போட்டேன், பூஜ்யம். எந்த வயலிலும் ஒரு படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "யார் போய் அளந்தது?" என்று கேட்டேன், கரும்பலகையிடம்தான். வகுப்பு கனைத்தது. அவ்வளவு தூரம் கப்பலில் போக யாருக்கும் மனசில்லை; ஹெட் கிளார்க் படா பாபு ஓர் எண் சொல்ல, சதாசிவம் எல்லாப் பெயருக்கும் நேரே அதையே எழுதியிருக்கிறார். மேற்பார்வைக்கென்று பின்னால் உட்கார்ந்திருந்த படா பாபு, என்னை மகளே என்றழைத்து, தமிழும் இந்தியும் கலந்து சமாதானம் சொன்னார்.

"அரே பேட்டி, சர்க்கார் எல்லாருக்கும் ஒரே அளவு ஜமீன், நிலம் குடுத்தது. நெல் மட்டும் ஏன் வேற வேற வரணும்? கம்ப்ளெயிண்ட் வரும்!"

முடிவு

தேர்விலும் விளைச்சல் கணக்குதான் வந்தது. எண்கள் ஒழுங்கில்லாமல் இருக்கின்றனவே என்று மற்றவர்கள் ஆபீஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் சராசரிக்குத் திருத்திவிட்டு, விலக்கம் பூஜ்யம் என்று எழுதி வந்தார்கள். சதாசிவம் மட்டும் ஒவ்வொரு வயலுக்கும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்துத் தேறினார்.

வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸும் வந்தது, திக்லிபூரில்! விளைச்சலை வயல் வயலாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒரே ஆள் என்று அங்கேயே மாற்றிவிட்டார்கள். அதற்குள் மனைவியும் மகளும் மெட்ராஸில் கப்பலேறியாயிற்று. அவர்கள் வந்திறங்கிய வாரமே, ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் மூவரையும் வழியனுப்ப அப்பாவோடு போனேன். மகள் அவர் தோளில் இருந்தபடி, யார் இந்த ஆள் என்பதுபோல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார்.

"வீடு கேட்டேன், குடுத்துட்டாங்க டீச்சர். எந்த ஊர்லன்னு சொல்லிக் கேக்க மறந்துட்டேன்."

தப்பாகப் போட்டவர்கள் எல்லோரும் போர்ட் பிளேரில் சௌகரியமாக இருக்க, சரியாகப் போட்ட ஒருவரை வடக்கே கப்பலேற்றி அனுப்பியதுதான் நான் கற்றுத்தந்த கணக்கின் மொத்தப் பலன்.