அப்புத்தளையிலிருந்து ராக்கெட்டுக்கு நாள் குறிக்கிறேன்

ஒரு ராக்கெட் கிளம்ப வேண்டுமானால் காற்று, கடல், ஒரு கப்பல், ஒரு சின்ன வால்வு, இத்தனைக்கும் ஒரே நாளில் மனசு வரவேண்டும்.

அந்த நாளைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டு ராக்கெட் கம்பெனி ஒன்றுக்கு, அப்புத்தளை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எங்களுடையது கனத்த சாமான் தூக்கும் ராக்கெட். மூன்று பூஸ்டர்கள் சேர்ந்து மேலே தள்ளும். தள்ளி முடித்ததும் ஓரத்து இரண்டும் தரைக்கே திரும்பி வந்து நிற்கும். நடுவில் உள்ளது கடலில் காத்திருக்கும் மேடைக் கப்பலில் இறங்கும். சுத்தம் பண்ணி, சோதித்து, அடுத்த வாடிக்கையாளருக்கு அதையே அனுப்புவோம். அதனால் ஒருவருடைய தேதி நகர்ந்தால் பின்னால் நிற்கிற எல்லாருடைய தேதியும் நகரும். அதை அவர்களிடம் போனில் சொல்லும் பாக்கியம் எனக்கு.

பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடும் டீச்சர்மாரே, பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்மாரே, மண்டபம் கிடைத்த தேதியில் ஐயர் கிடைக்காமல் அல்லாடிய கல்யாண வீட்டுக்காரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

லாரிக் கதை

இதற்கு முன்னால் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து பெக்டரியில் இருந்தேன். தேயிலையை லாரியில் ஏற்றிக் கொழும்பு ஏலத்துக்கு நேரத்தோடு அனுப்புவது என் பொறுப்பு. ராக்கெட் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டபோது, இன்றைக்கு என் மேலதிகாரியாக இருக்கும் மார்த்தாதான் கணினித் திரையில் வந்து நேர்முகம் பார்த்தார். "உங்க வேலையில ரொம்ப மோசமான ஒரு நாளைச் சொல்லுங்க" என்றார். (அவர் பேசுவது இங்கிலீஷ். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன்.)

மண் சரிந்து பாதை மூடிய நாளைச் சொன்னேன். லாரி ஒரு பக்கம், கொழும்பு மறு பக்கம். பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் சரக்கை எதிர்பார்த்திருந்தவருக்கு நானே போன் போட்டு, "இன்னைக்கு வராதுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்துச் சொல்றேன்" என்றேன். மறுநாள் பத்து மணிக்கும் பாதை திறக்கவில்லை. ஆனாலும் எடுத்தேன். "இன்னும் ஒண்ணும் தெரியலைங்க" என்று சொல்லி வைத்தேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ராக்கெட்காரர்களிடம் போய் லாரிக் கதை சொல்லிவிட்டேனே, வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன். மார்த்தா எதையோ எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்: "சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாதப்பவும் பத்து மணிக்கு எடுத்தீங்களே, அந்த ஆள்தான் எங்களுக்கு வேணும்."

கடலுக்கு மனசில்லை

ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியின் மேலாளர் தம் சாட்டலைட் கிளம்புவதைக் காட்ட ஒரு பஸ் நிறைய விருந்தாளிகளைக் கூட்டி வந்திருந்தார். ஏவுதளத்தில் வானம் கண்ணாடி மாதிரி. ஆனால் மேடைக் கப்பல் நின்ற இடத்தில் அலை ஆளுயரத்துக்கு மேல். இறங்குகிற பூஸ்டர் சாய்ந்துவிடும் என்று கப்பல் கேப்டன் தகவல் அனுப்பிவிட்டார். "இன்னைக்கு இல்லைங்க" என்று சொல்ல நான் போனை எடுத்தேன்.

மனுஷன் கத்தினார். "இங்க ஒரு மேகம் இல்ல! உங்க பூஸ்டர் கடல்ல விழுந்தா விழட்டும், என் சாமான் மேல போனா போதும்!" ஆனாலும் சொன்னேன்: "சார், இன்னைக்கு உங்களைத் தூக்கப் போற பூஸ்டர், போன தடவை வேற ஒருத்தருக்குப் பறந்தது. அவரும் இப்படியேதான் சொன்னாரு. நாங்க கேட்டிருந்தா இன்னைக்கு உங்களுக்குப் பூஸ்டரே இல்லைங்க." அவர் டக்கென்று போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. சாட்டலைட் போய்ச் சேர்ந்தது, மூன்று பூஸ்டர்களும் திரும்பின. இந்தத் தடவை அவரே எடுத்தார். திட்டத்தான் எடுக்கிறார் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். "என் சாட்டலைட் போறதைக்கூட உட்கார்ந்துதாங்க பார்த்தேன்; அந்தப் பூஸ்டர் கப்பல்ல இறங்கினப்போ எழும்பி நின்னுட்டேன்."

தேதி பிசகியது

இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ராக்கெட் போகும் பாதைக்குக் கீழே படகுகள் நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்தல் போடுவோம். ஒரு தடவை அதில் அப்புத்தளைத் தேதியைப் போட்டுவிட்டேன். எனக்குக் காலை டீ நேரம் என்றால் ஏவுதளப் பக்கம் முந்தைய நாள் இரவு. அறிவித்தலை நம்பி மீன்பிடிக்கிறவர்கள் தப்பான நாளில் ஒதுங்கி, சரியான நாளில் நேரே அடியில் வந்து நின்றிருப்பார்கள்.

அறிவித்தல் வெளியே போகுமுன் கப்பல் கேப்டன் கண்ணில் பட்டது. மார்த்தாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், திருத்தினேன், மூன்று தடவை வாசித்தேன். ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது. கேப்டன் அதற்கப்புறம் ஒரே ஒரு வரிதான் அனுப்பினார்: "உங்க ஊர்ல முதல்ல விடியுதுன்னு தெரியும் சுகந்தி, அதுக்காகக் கடலையும் அவசரப்படுத்தாதீங்க."

பெரகல மரக்கறிக் கடை

ராக்கெட் கிளம்புமுன் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவரவர் "ரெடி" சொல்ல வேண்டும். ஒரு நாள் வாடிக்கையாளர் பிரிவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காலையில் பார்த்துக் காற்று அடித்து மரம் விழுந்தது. கரண்டும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை.

என் கணவர் ரவி ஆட்டோ ஓட்டுகிறவர். "ஏறு" என்றார். முன்னால் போவது தெரியாத பனியில், வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு பெரகல சந்திக்கு இறங்கினோம். அங்கே ஒரு மரக்கறிக் கடை வாசலில் சிக்னல் வந்தது. கடைக்காரரிடம் "நாள் குறிச்ச விஷயமா ஒரு போன் பேசணுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லீக்ஸ் மூட்டை மேல் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. தொண்டையைச் சரிசெய்து, "வாடிக்கையாளர் பிரிவு, ரெடி" என்று இங்கிலீஷில் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ராக்கெட் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடி ரவியிடம் மெதுவாகக் கேட்கிறார்: "தம்பி, அக்கா ரெடின்னுட்டாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

பேராசிரியரின் பதினைந்து நாள்

தூரத்து விண்கல் ஒன்றுக்குக் கருவி அனுப்பும் பேராசிரியர் ஒருவர் எங்கள் வரிசையில் இருந்தார். அந்த விண்கல் வசதியான இடத்தில் இருப்பது பதினைந்தே நாள். தவறினால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவரோ ஓய்வு பெறும் வயதில் இருந்தார். முதல் நாளே அவருடைய பூஸ்டர் ஒன்றில் மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தது. சோதித்து முடித்து நின்ற வேறு பூஸ்டர் ஒன்றுதான் இருந்தது. அது லூசியா என்ற அம்மாவின் வானிலைச் சாட்டலைட்டுக்கு ஒதுக்கியது. அவர் நாட்டில் புயல் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மார்த்தா என்னையே பேசச் சொன்னார். சுற்றி வளைக்காமல் லூசியாவிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவரோடது இறங்கின உடனே அடுத்தது எங்களோடதுதானா?" "ஆமாங்க, எழுத்துல தாறேன்" என்றேன். விட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் மழை நான்கு நாளைத் தின்றது, காற்று மூன்று நாளைத் தின்றது, வால்வு ஒன்று இரண்டு நாளைத் தின்றது. தினமும் நான் சொன்ன நேரத்துக்குப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். பாதி நாள் சொல்ல ஒன்றுமில்லை.

பதினான்காம் நாள் அவருடைய கருவி மேலே போனது. பூஸ்டர்கள் மூன்றும் முழுசாகத் திரும்பின. லூசியா விட்டுக் கொடுத்த அதே பூஸ்டர், வேறு இரண்டோடு சேர்ந்து அவருடைய சாட்டலைட்டையும், புயலுக்கு முன்னால், மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. பேராசிரியரின் கருவி போன அன்று நான் முன்னறையில் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து ரவி, ஏதோ விழுந்து நொறுங்கிவிட்டது என்று பயந்துபோய்த் தண்ணீரோடு ஓடி வந்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் பேராசிரியர்: "நன்றியெல்லாம் பிறகு எழுதி அனுப்புறேன்மா, அது போயிடுச்சுன்னு உங்க வாயால இன்னொரு தடவை சொல்லுங்க, கேட்டுட்டு வச்சிடுறேன்."

ராக்கெட் கிளம்பும் நாளைக் குறிப்பவள் என்று என் நியமனக் கடிதத்தில் இருக்கிறது; நான் செய்வதோ கிளம்பாத நாட்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் தப்பி நிற்கிற ஒரு நாளுக்குப் பெயர் வாங்கிக்கொள்வதுதான்.