மினுக்கிய தூண்கள்

ஒரு வருசத்தை ரெண்டு நிமிசமாகச் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. வாங்குகிறவர்கள் அந்த ரெண்டு நிமிசத்தையும் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பார்கள்.

சங்ககிரியில் ஒரு ஸ்டுடியோ. பிளஸ் டூவில் கணக்குப் போச்சு, திரும்ப எழுதப் பிடிக்கவில்லை, இங்கே சேர்ந்துவிட்டேன். கட்டடம் எழும்பும் இடத்துக்கு எதிரே ஒரு கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோம். பகலெல்லாம் பத்து நிமிசத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும். அவற்றைக் கோத்து, ஆட்டம், தூசி, காக்காய் எல்லாவற்றையும் துடைத்து வீடியோவாக்குவது நான். அடுத்தவர் வீட்டு விசேசத்துக்குக் கண் எரிய உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் பாதியைச் சொல்லாமலே தெரியும். எத்தனையோ வேலை பார்த்தாச்சு. இந்த ஒரு வீடு மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆர்டர்

மணி அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிறவர். போனால் ஊர் திரும்ப மாசக்கணக்காகும். திருச்செங்கோடு ரோட்டில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். கூட அவர் சம்சாரம் சுமதி அக்கா.

எந்த மாதிரி வேணும், பாட்டு போடணுமா, வேகமா மெதுவா என்று எங்கள் முதலாளி குமார் அண்ணன் வரிசையாகக் கேட்டார். மணி அண்ணன் எதையும் காதில் வாங்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாட்டெல்லாம் உங்க இஷ்டமுங்க. நான் பாக்காததெல்லாம் அதுல இருக்கோணும் அம்மிணி, அது போதும்.”

பிளக்

கேமராவை எதிரிலிருந்த லாரி பட்டறை மொட்டை மாடியில் வைத்தோம். கரண்டும் அங்கேதான். மாசம் ஒரு நாள் காலையில் நான் ஏறிப் போய் மெமரி கார்டை மாற்றிக்கொண்டு வருவேன். ஒரு தடவை பார்த்தால் மூணு நாள் படமே இல்லை. கேமரா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் ஒரு செல்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அஸ்திவாரம் நிரப்பின மூணு நாளும் போச்சு. இனி அது வீடியோவில் திடீரென்று குதிக்கும், அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

பட்டறை வெல்டரிடம் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. “ஊடு எங்கீங்க ஓடப்போவுது? என்ற ஊட்டுக்காரி கூப்புடறப்ப நான் போன் எடுக்கலீன்னா என்னைத்தான் ஓட ஓட வெரட்டுவா.”

நின்றது

தூண்கள் எழும்பி, ஈரம் காயாமலிருக்கச் சாக்குச் சுற்றிய நிலையில் வேலை நின்றது. கார்டை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது கொத்தனார் இல்லை, கலவை மிசின் இல்லை, வேலையாள் ஒருத்தரும் இல்லை. கூலித் தகராறாக இருக்கும் என்று நினைத்தேன்.

குமார் அண்ணன் விசாரித்துவிட்டு வந்தார். ரிக் வண்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம் மணி அண்ணன். ஊருக்கு ஆம்புலன்சில் உடம்புதான் வந்தது. அப்புறம் அரைகுறை வீட்டை விற்றுவிடலாம் என்று அவருடைய அண்ணன் சொல்ல, சுமதி அக்கா முடியாது என்று சொல்ல, அப்படியே கிடந்தது. கேமராவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். எனக்கு வேறு வேலைக்கு அந்தப் பெட்டி தேவைப்பட்டது. குமார் அண்ணன் கேமரா பெட்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். “ஓடட்டும் உடு அம்மிணி. நிறுத்தச் சொல்ல வேண்டியவரே போயிட்டாரு.”

மினுக்கல்

நாலு மழை மாசம் கழித்து வேலை மறுபடி தொடங்கி வீடு முடிந்தது. சுமதி அக்கா நகையை விற்றார் என்று கேள்வி. கிரகப்பிரவேசத்துக்கு வீடியோ வேண்டும் என்று வீட்டை விற்கச் சொன்ன அந்த அண்ணன்காரர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், போன் பண்ணினார்.

படங்களைக் கோத்தேன். மேகம் வந்தால் ஒரு படம் இருளும், வெயில் வந்தால் அடுத்தது வெளுக்கும். அப்படியே ஓட்டினால் கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி மினுக்கும். பக்கத்துப் படங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைச் சமன் செய்ய வேண்டும். செய்தேன். வானம் அடங்கியது, தரை அடங்கியது. தூண்கள் மட்டும் அடங்கவில்லை. வேலை நின்ற மாசங்களில் தினமும் சாயங்காலம் கறுத்தன, மறுநாள் மத்தியானம் வெளுத்தன. லென்சில் கோளாறு என்று நினைத்துத் தூண்களை மட்டும் தனியாகப் பிரித்துச் சமன் செய்தேன். இன்னும் அசிங்கமாக மினுக்கியது. எரிச்சலில் ஒரு படத்தைப் பெரிதாக்கினேன்.

ஒரு தூணுக்குப் பக்கத்தில் குடத்தோடு சுமதி அக்கா. நனைந்த தூண்தான் கறுத்துத் தெரிந்தது.

அடுத்த நாள் படம். அடுத்த வாரம். அடுத்த மாசம். சாக்கெல்லாம் இத்துப்போய் விழுந்த பிறகும் குடம். குமார் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் வீடு கட்டினவர். “கான்கிரீட் இறுகறதுக்குத் தூணுக்குப் பத்து நாள் தண்ணி ஊத்துனாப் போதுமே அம்மிணி. இவங்க மழை பேஞ்ச அன்னைக்கும் ஊத்தறாங்களே.”

வெட்டு

பெரியவர் வந்து பார்த்தார். நின்ற மாசங்கள் ஓடினபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைத் தூக்கு என்றார். அதுவும் அந்த வீட்டுக் கதைதானே என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெளியே போன பிறகு குமார் அண்ணன், கஸ்டமரிடம் வாயாடாதே என்று என்னைத் திட்டினார்.

மறுநாள் வீடியோவின் முதலில் வைக்க மணி அண்ணன் போட்டோவைக் கொண்டுவந்தார் சுமதி அக்கா. அவர் சொன்னால் வெட்டாமல் விடலாம். சண்டை போடுவார் என்று நம்பிக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினேன். குடத்தோடு நிற்கும் தன்னையே பார்த்தார். மணி அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் “தூணுக்குத் தண்ணி உட்டியா”ன்னுதான் முதலில் கேட்பாராம். கடைசி போனிலும் அதுதானாம்.

“அப்ப இது இருக்கட்டும்க்கா. அவர் பாக்காததெல்லாம் இருக்கணும்னுதானே சொன்னார்” என்றேன்.

ஸ்கிரீனைத் தொட்டு அந்தக் குடத்தை ஒரு தரம் தடவினார். “பாக்கறேன்னு சொன்னவரே இப்ப இல்ல. மத்தவங்களுக்குக் காட்டவா ஊத்துனேன்? எடுத்துருங்க சாமி.”

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வெட்டினேன். வெட்டின இடம் தெரியாதபடி முன்னதையும் பின்னதையும் ஒட்டினேன். அவ்வளவு சுத்தமாக இதுவரை எதையும் ஒட்டியதில்லை.

கிரகப்பிரவேசம்

ஹோமத்தில் பெரியவரும் அவர் வீட்டம்மாவும் உட்கார்ந்தார்கள். தான் கட்டின வீட்டில் சுமதி அக்கா மனையில் உட்காரக்கூடாதாம், புருசன் இல்லையே. அவர் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். ஹோமம் முடிந்ததும் ஹாலில் பெரிய டிவியில் வீடியோ ஓடியது. போட்டோ, அஸ்திவாரம், அங்கே ஒரு குதிப்பு, தூண், உடனே கூரை, பூச்சு, பெயின்ட். சோபாவில் இருந்த ஒரு வேட்டிக்காரர் கையைத் தட்டினார். “பாருங்க மாப்ள, ஆளு போயும் ஒரு நாளு நிக்காம வேலை நடந்திருக்குது!”

சோபாவில் எல்லோரும் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன். ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன். அதற்குள் அந்த வேட்டிக்காரருக்கு டம்ளரை நீட்டினபடி சுமதி அக்கா, டிவியைப் பார்க்காமலே சொன்னார்:

“ஆமாங்க மாமா. ஒரு நாளும் நிக்கலீங்க.”

இந்தத் தொழிலில் யாராவது நம்மை வாயாரப் புகழ்ந்தால், எதையோ நன்றாகவே துடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.