வரிசையில் இடைவெளி

அந்தப் பள்ளிவாசலின் இமாமை நேரில் ஹஜ்ரத் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சட்டப்பெட்டி'. தண்ணீர்த் தொட்டியில் பல்லி விழுந்தாலும், நோன்பு நேரத்தில் காதில் மருந்து விட்டாலும் மார்க்கச் சட்டம் கேட்டு அவரிடம்தான் ஓடி வருவார்கள். கேட்டுவிட்டு வாசல் தாண்டியதும் சிரிப்பார்கள். அவரும் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்தானே, வலிக்காமலா இருக்கும்?

சிரிப்பை ஆரம்பித்து வைத்தவர் வெளியாள் இல்லை, ஹஜ்ரத்தின் சொந்த அக்காவின் கணவர். கடைவீதி மூலையில் பை தைக்கிறவர். அறுந்த கைப்பிடி, வாய் பிளந்த ஜிப், சக்கரம் கழன்ற பெட்டி, எதுவும் அவர் கைக்குப் போனால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு தன் ஞானகுருவான ஷெய்கின் திக்ர் மஜ்லிஸுக்குக் கிளம்பிவிடுவார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லும்போது, மச்சானின் கனத்த குரல் தெரு வரைக்கும் கேட்கும். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழியும். சொல்ல வெட்கம்தான், ஆனால் ஹஜ்ரத்துக்கு அதில் பொறாமை. ஓதி ஓதித் தேய்ந்த தனக்கு அப்படி ஒரு சொட்டு வந்ததில்லையே என்று.

"மாப்ளே, நீ இன்னும் வாசப்படியிலயே நின்னு கால் கழுவிட்டிருக்க. நாங்க உள்ள போய் உக்காந்தாச்சு."

"கால் கழுவாம போனா வீட்டுக்காரர் திட்ட மாட்டாரா, மச்சான்?"

"அன்பு இருந்தா அழுக்கு எங்கடா தெரியும்!"

பேச்சுதான் இப்படி. ஐந்து வேளையும் முன்வரிசையில், ஹஜ்ரத்தின் முதுகுக்கு நேர் பின்னால் வந்து நின்றுவிடுவார். தொழுகையை அவர் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

பிறகு குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பை ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். மலம் தன் போக்கில் அதில் வந்து விழும், அடக்க முடியாது. "ஊர்ல உள்ள பையெல்லாம் தச்சேன், கடைசியில எனக்கே ஒண்ணு மாட்டி விட்டுட்டாங்க" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சிரித்தவர், வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை. பள்ளிக்கு வரவில்லை. மஜ்லிஸுக்கும் போகவில்லை. வீட்டில்கூடத் தொழுவதில்லை என்று அக்கா வந்து அழுதாள்.

ஹஜ்ரத் அன்றே போனார்.

"மச்சான், இதுக்கு வழி இருக்கு. வேளை வந்ததும் பையைச் சுத்தம் பண்ணிட்டு, கை கால் முகம் கழுவி ஒளு செஞ்சு, உடனே தொழுதுடுங்க. நடுவுல வந்தா வரட்டும், தொழுகை கூடும், முறியாது. அடக்க முடியாதவனைச் சட்டம் பிடிச்சு வைக்காது."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "சட்டம் விட்டுரும்டா. என் மனசு விடலையே. இந்த நாத்தத்தோட அவன் முன்னாடி எப்படி நிப்பேன்?"

"அன்பு இருந்தா அழுக்கு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ நான் சுத்தமா இருந்தேன்."

பிறகு ஷெய்கே நேரில் வந்து, "ஹஜ்ரத் சொல்றதைக் கேளுங்க. அவர் சொல்ற சட்டத்தை விட்டுட்டு நம்ம பாதைன்னு தனியா ஒண்ணு இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். மச்சான் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பள்ளியில் அவர் இடத்தை மரியாதைக்காக விட்டு வைத்திருந்தார்கள். வரிசையில் இடைவெளி கூடாது என்பது சட்டம். தொழுகைக்கு முன் திரும்பி நின்று, "நெருங்கி நில்லுங்க, இடைவெளி விடாதீங்க" என்று சொல்வது இமாமின் வேலை. சொன்னார். யாரோ நகர்ந்து அந்த இடத்தை அடைத்தார்.

ஒருநாள் மாலைத் தொழுகைக்கு மச்சான் வந்தே விட்டார். வெளுத்த சட்டை, தலையில் தொப்பி. படியேறும்போது பையிலிருந்து காற்றுப் பிரிகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர் சும்மா நிமிர்ந்து பார்த்தார். மச்சான் அப்படியே திரும்பி நடந்தார். ஹஜ்ரத் உள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வரிசை நின்றாயிற்று, வேளையும் குறுகியது. தொழ வைத்தார். முடித்துவிட்டு ஓடியபோது தெருவில் ஆளில்லை. கொஞ்சம் தாமதித்து அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கலாம், சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. ஊருக்கெல்லாம் சலுகை தேடிக் கொடுத்தவருக்கு அன்று அது தோன்றவில்லை.

மச்சான் மறுபடி வரவே இல்லை. நோய் ஈரலுக்கு ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உயிர் போயிற்று.

ஹஜ்ரத்தே குளிப்பாட்டினார். பையை மெதுவாக உரித்தெடுத்து, வலது பக்கம், இடது பக்கம் என்று முறைப்படி கழுவி முடித்துத் துவட்டும்போது, துளை வழியாக இன்னும் கொஞ்சம் கசிந்தது.

தண்ணீர் ஊற்றியவர் கேட்டார்: "மறுபடி முதல்லேருந்து குளிப்பாட்டணுமா ஹஜ்ரத்?"

"வேண்டாம். வந்ததை மட்டும் கழுவினாப் போதும்."

பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, குனிந்து மச்சானின் காதருகே, "சுத்தமாயிட்டீங்க மச்சான்" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. தாரை தாரையாக வந்தது.

கஃபனிட்ட மச்சானின் உடலை, ஜனாஸாவை, பள்ளிக்குக் கொண்டுவந்து இமாமுக்கும் முன்னால், எல்லா வரிசைக்கும் முன்னால் வைத்தார்கள். ஹஜ்ரத் ஜமாத்தைப் பார்த்துத் திரும்பினார். நெருங்கி நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார், குரல் வரவில்லை. அவர்களாகவே நெருங்கி நின்றுகொண்டார்கள்.