அண்ணனின் காதும் ஏழு கடிதங்களும்

என் அண்ணி பன்னிரண்டு வருடம் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒழுகுகிறது, துணி கிழிகிறது, போன வாரம் வருகிறேன் என்ற ஆள் இந்த வாரமும் வரவில்லை. யாரோ செய்த தப்புக்கு யாரோ திட்டுவார்கள். நடுவில் உட்கார்ந்து "புரியுதுங்க" என்று சொல்வதுதான் அண்ணியின் வேலை. அந்தச் சொல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பைப் பார்த்துக்கூட "புரியுதுங்க" என்பார். ஒரு நாள் கம்பெனி அந்தப் பிரிவையே மூடியது. இனிமேல் புகார்களுக்குக் கம்ப்யூட்டரே பதில் சொல்லிக்கொள்ளுமாம். அப்போது அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது.

வேலை தேடி அலைந்தார். போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள், மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு வீடியோ வகுப்பு கண்ணில் பட்டது. அடுத்தவர் தயாரித்த பொருளை இன்டர்நெட்டில் நாம் விற்றுக் கொடுக்க வேண்டும். நம் லிங்க் வழியாக வந்து வாங்கினால் நமக்குக் கமிஷன். தூங்கும்போதும் சம்பாதிக்கலாம் என்றார் வகுப்பெடுத்தவர். அண்ணி சேர்ந்தார். முதலில் போனது தூக்கம்தான்.

அவர்கள் வீட்டுக்குக் கீழ் வீடுதான் என்னுடையது. மாலையில் மேலே ஏறினால் அண்ணன் வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருப்பார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. பணிமனையில் அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினைப் பிரிக்காமலே எந்த இடத்தில் நோவு என்று சொல்லிவிடுவார்.

அண்ணி படித்து வந்த பாடத்தை ஒரு நாள் அவருக்கு விளக்கினார். "விளம்பரத்தப் பார்த்து ஒருத்தர் நம்ம பக்கத்துக்கு வருவாங்க. அவங்க ஈமெயிலைக் கொடுப்பாங்க. நாம வரிசையா கடிதம் போடுவோம். கடைசியில வாங்குவாங்க. மேல அகலமா ஆரம்பிச்சு கீழ குறுகிக்கிட்டே வரும். அதனால இதுக்குப் புனல்னு பேரு."

"நூறு பேர் வந்தா எத்தனை பேர் வாங்குவாங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேர் வாங்கினாலே பெரிசு."

"நான் புனல் வச்சு ஆயில் ஊத்தறேன். ஒரு சொட்டு வெளிய போனாலும் ஃபோர்மேன் திட்டுவார். உன்னோடது புனல் இல்ல, சல்லடை."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்த வருடத்தில் அண்ணி சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

படுக்கை அறைக்கும் பால்கனிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே இஸ்திரி போடுகிற மேஜைதான் அண்ணியின் ஆபீஸ். காய்கறி நறுக்கும் கருவி, உடற்பயிற்சிக்கு ஓடுகிற மெஷின், அயல்மொழி வகுப்பு என்று ஒவ்வொன்றாக விற்றுப் பார்த்தார். பக்கத்தின் தலைப்பை மாற்றுவார். "வாங்குங்கள்" என்ற பட்டனைப் பச்சையாக்குவார், பிறகு ஆரஞ்சாக்குவார். மூன்று நாள் காத்திருந்து, எதில் அதிகம் பேர் தட்டினார்கள் என்று பார்ப்பார். பெரும்பாலும் எதிலும் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கழுத்து பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், உடம்பையே திருப்பி என்னோடு பேசுவார் அண்ணி. "புகார் சொல்றவங்களாவது என்னோட பேசினாங்க. இவங்க பேசாமலே போயிடறாங்க" என்றார் ஒரு தடவை.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. அப்புறம்தான் காது மெஷின் வந்தது.

தபாலில் வீட்டுக்கே வரும் மெஷின், டாக்டரிடம் போக வேண்டாம், விலையும் மலிவு. இதை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி. அண்ணி உடனே எடுத்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குக் காது மந்தமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருடம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார். எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். "அப்பா, நான் டூர் போகட்டுமா, வீட்டுல இருந்து படிக்கட்டுமா?" என்று மகள் கேட்டதற்கும் "ஆமா" என்றார். அவள் டூர் போய்விட்டு வந்தாள்.

பணிமனையில் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைப்பார். கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார். எஞ்சினின் அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறும். காதில் விழாதது எலும்பில் விழும். பார்க்கிறவர்கள் அது டாக்டரின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி இந்தத் தடவை பட்டனின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. காது மந்தமானவரோடு பேசுவதற்கு ஒன்பது வழிகள் என்று ஒரு சின்னப் புத்தகம் தயார் செய்து இலவசமாகக் கொடுத்தார். அதற்காக ஈமெயில் கொடுத்தவர்களுக்கு நாளுக்கு ஒன்றாக ஏழு கடிதங்கள் தானாகப் போகும். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முதல் கடிதத்தில் அந்த "ஆமா" இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஆறாவதில் அவர் காது மெஷினைப் போட்டுக்கொள்கிறார். குளியலறையில் மகள் முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்டு வாசலிலேயே நின்று அழுகிறார்.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"பேர் எங்கயும் போடலையே" என்றார்.

நான் இரண்டு இடத்தில் ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

காது மெஷின் விற்றது. முதல் வாரமே விற்றது, அடுத்த மாதம் இன்னும் விற்றது. ஒவ்வொரு விற்பனைக்கும் போனில் "டிங்" என்று ஒரு சத்தம் வரும். சமைக்கும்போது வரும், மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் வரும். அண்ணி நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். "கடைசியில எனக்கு வந்துடுச்சு" என்றார். கை வந்த வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரி, அடக்கமாகச் சொன்னார்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கமாக ஆறு ஆகும். நான் மேலேதான் இருந்தேன், அண்ணியோடு துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் மடித்த காகிதக் கட்டு. கை கழுவாமலே அதை மேஜைமேல் வைத்தார்.

ஃபோர்மேனின் அம்மாவுக்குக் காது கேட்காது. அவர் மனைவி இன்டர்நெட்டில் தேடி, அண்ணி போட்ட பக்கத்துக்கு வந்து ஈமெயில் கொடுத்திருக்கிறார். மூன்றாவது கடிதத்தைப் படித்ததும், "உங்க இடத்துல ஸ்க்ரூடிரைவரைக் கடிக்கிற மெக்கானிக் இருக்காரா?" என்று கணவரைக் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் அப்படிக் கடிக்கிற ஆள் ஒருவர்தான். ஏழு கடிதங்களும் வந்து சேர்ந்ததும் ஃபோர்மேன் அச்செடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

"இது நீ எழுதினதா?" என்றார் அண்ணன்.

அண்ணி "புரியு..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஃபோர்மேன் தனியா கூப்பிட்டார். கதவைச் சாத்திட்டு, ஒவ்வொரு வார்த்தையா, சத்தமா, மெதுவா பேசினார். சின்னப் பிள்ளைகிட்ட பேசற மாதிரி. திட்டியிருந்தா பரவாயில்ல." அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமே எஞ்சினும் பார்க்க வேண்டாம், பஸ்ஸை ரோட்டுல ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்னுட்டார். பின்னால வர்ற வண்டி ஹாரன் கேக்கலன்னா யார் பொறுப்புன்னு கேட்டார். அது நியாயம்தான். நாளையிலேர்ந்து ஸ்டோர் ரூம்ல உக்காரணும்."

"பேர் போடலைங்க. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. காகிதக் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் தனியே எடுத்தார். "இது ஆறாவது. இதுல நான் மெஷின் போட்டிருக்கேன். பாப்பா பாடறதைக் கேட்டு அழறேன்." அதை அண்ணி பக்கம் நகர்த்தினார். "எங்க அந்த மெஷின்?"

அண்ணியின் மடியில் பாதி மடித்த போர்வை கிடந்தது.

"வாங்கினா நீங்க போட்டுக்க மாட்டீங்கன்னு..."

"கேட்டியா?"

"கேக்கல."

"ஊருக்கெல்லாம் வித்திருக்க. எனக்கு ஒண்ணு வாங்கணும்னு தோணலையா?"

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் எழுந்து கீழே போயிருப்பேன். எழ முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன் "டிங்" என்றது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அண்ணி அன்றைக்கே அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்த வாரங்களை எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். டாக்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லையாம். வீட்டில் "ஆமா" என்பதையும் நிறுத்திவிட்டார். அண்ணியின் புனல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு யார் வீட்டில் என்ன நடந்தால் என்ன? தினமும் யாரோ ஒருவருக்கு மூன்றாவது கடிதம் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்திடலாமே அண்ணி" என்றேன்.

"நிறுத்தணும்" என்றார். நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் யாரும் தட்டாத பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அதை அவ்வளவு எளிதாகக் கேட்டுவிட முடியாது என்று எனக்கும் தோன்றியது.

அந்தக் கடிதங்களுக்குப் பதில்கள் வர ஆரம்பித்தன. "என் வீட்டுக்காரருக்கு மெஷின் போட்டால் விசில் அடிக்கிறது. உங்களவருக்கு எப்படிச் சரி செய்தீர்கள்?" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மூன்று நாள் அதைத் திறந்து திறந்து மூடினார் அண்ணி. பிறகு, தன்னுடைய லிங்கிலேயே போய் ஒரு மெஷினுக்கு ஆர்டர் போட்டார்.

வந்த பெட்டியை அண்ணன் முன்னால் வைத்தார். அவர் மறுக்கவில்லை. போட்டுக்கொண்டார். விசில் அடித்தது. திருகிப் பார்த்தார், நின்றது. ஃபேன், குழாய், கீழே போகிற ஸ்கூட்டர் எல்லாம் ஒரே அளவில் காதுக்குள் இறங்கியிருக்க வேண்டும், முகம் சுளித்தார்.

"ஏதாவது கேக்குதாங்க?" என்றார் அண்ணி.

"எல்லாம் கேக்குது. நீ பேசறது மட்டும் கேக்கல" என்று கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் மதியம் அண்ணி என்னைக் கூப்பிட்டார். கூட உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "நிச்சயமாக நீக்கவா?" என்று கம்ப்யூட்டர் ஏழு தடவை கேட்டது. ஏழு தடவையும் ஆமாம் என்று தட்டினார். பக்கத்தையும் எடுத்தார். பிறகு, அதுவரை ஈமெயில் கொடுத்திருந்த எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஆறாவது கடிதத்தில் எழுதியது நடக்கவில்லை, என் கணவர் அந்த மெஷினை அப்போது போட்டதே இல்லை, வாங்கியவர்கள் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், முதலில் காது டாக்டரைப் பாருங்கள். அவ்வளவுதான். அந்தக் கடிதத்துக்கு நான் எழுத்துப் பிழை பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவரும் கொடுக்கவில்லை.

யாரும் பாராட்டி எழுதவில்லை. பாதிப் பேர் திறக்கவே இல்லை. சிலர் திட்டினார்கள். திருப்பி அனுப்ப முடியாமல் தவித்தவர்களுக்காக அண்ணி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு மாதம் இதே வேலை. அந்தப் பக்கம் எடுத்த பெண் ஒவ்வொரு தடவையும் மெல்லிய குரலில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாளாம். "பாவம், அவளும் என்ன பண்ணுவா" என்றார் அண்ணி.

அண்ணனைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மனைவி கூப்பிட்டால் வர மாட்டார், தங்கை கூப்பிட்டதால் வந்தார். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியில் நின்று பார்த்தேன். டெஸ்ட் எடுத்த பெண் சத்தத்தை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் பட்டனைப் பிடித்தபடி, ஏதோ வரப்போகிறது என்று கவனமாகக் காத்திருந்தார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மற்றதெல்லாம் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் காதுக்கென்று அளவெடுத்து மெஷின் வந்தது. ஓரளவு கேட்கிறது. கூட்டத்தில் பேசினால் புரியாது. திரும்ப எஞ்சினுக்கு விடவில்லை, ஸ்டோர் ரூம்தான். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் "சாப்பாட்டுல உப்பு கம்மி" என்றார். அண்ணி உப்பு டப்பாவை எடுத்து வைத்தார். அப்படித்தான் பேச்சு திரும்ப ஆரம்பித்தது.

அண்ணி இப்போது ஒரு மெத்தைக் கடைக்குச் சம்பளத்துக்குப் பக்கம் எழுதுகிறார். தலைப்பு, பட்டன், வரிசையாகக் கடிதங்கள், எல்லாம் அதே வேலைதான். வீட்டு விஷயம் ஒரு வரிகூட எழுதுவதில்லை. சுமாராகத்தான் போகிறது என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறாராம். கழுத்து வலி திரும்ப வந்துவிட்டது.

போன வாரம் நான் மேலே போனபோது அண்ணி டைப் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "இந்தச் சத்தம் இவ்வளவு பெரிசா?" என்றார்.

"நிறுத்தவாங்க?"

"வேண்டாம். அடி."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.