அடுப்பு இல்லாத வட்டம்

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஷெட்டில் குமாஸ்தா. கொஞ்சம் வரையத் தெரியும் என்பதால் அந்த வேலையும் என் தலையில்தான். ஷெட்டுக்கு முன்னால் பூமிக்கடியில் தொட்டி புதைத்து, பெட்ரோலும் டீசலும் நிரப்பி வைக்க முதலாளிக்கு ஆசை. அதற்கு லைசென்ஸ் வேண்டும். மனுவோடு இடத்தின் படத்தையும் கொடுக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் கட்டடம், கிணறு, நெருப்பு எரியும் இடம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

வட்டத்துக்குள் ஓர் அடுப்பு இருந்தது. பக்கத்துக் குப்பத்து அக்கா ஒருவர் ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. மூன்று வருடமாக என் காலைச் சாப்பாடும் அங்கேதான். அடுப்பை வரைந்து முதலாளியிடம் காட்டினேன்.

"இதெல்லாம் ஒரு கடையாய்யா? அழி" என்றார்.

அழித்தேன். ரப்பர் தேய்த்த தடம் தெரிந்ததால் வேறு தாளில் புதிதாக வரைந்தேன். அயோக்கியத்தனத்திலும் நான் அவ்வளவு சுத்தம்.

இடத்தைப் பார்க்க அதிகாரி வரும் தேதி தெரிந்தது. முந்தின நாள் அக்காவிடம் போனேன்.

"யக்கா, நாளைக்கு ஒரு நாளு அடுப்பு பத்த வெக்காத. ஆபீசர் வராரு. பாத்தார்னா என் வேல பூடும்."

"இன்னா நைனா, இதுக்குப் போயா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? ஒரு நாளுதானே!"

மறுநாள் போய்ப் பார்த்தால் அடுப்பே இல்லை. பெயர்த்தெடுத்து, தரையைச் சாணி போட்டு மெழுகி, கோலமும் போட்டிருந்தார். அதிகாரி நாடா பிடித்து அளந்துகொண்டே, "இங்கே நெருப்பு மூட்டுவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் சும்மா நெயலுக்குக் குந்திகினு கீறேன்" என்றார் அக்கா. அதிகாரி திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சந்தோஷமாகக்கூட இருந்தேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த நாளே அடுப்பு மறுபடி எரிந்தது. தொட்டி புதைத்து, லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஷெட் காவல்காரர் வந்து ஒரு வாளித் தண்ணீரை அடுப்பின்மேல் கொட்டினார். நான் வரைந்த படத்தின் மேல் அரசாங்க முத்திரை. வட்டத்துக்குள் நெருப்பு கூடாது. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோல் பக்கத்தில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? ஆனால் படத்தில் அந்த அடுப்பு இருந்திருந்தால், தொட்டியைத் தள்ளிப் போடச் சொல்லியிருப்பார்கள். ஷெட்டுக்குப் பின்னால் இடம் சும்மா கிடந்தது.

நாலைந்து நாள் கழித்து அக்கா ஷெட் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் கலெக்டருக்கு ஒரு மனு. யாரிடமோ எழுதி வாங்கியிருந்தார். தொட்டி வருவதற்கு முன்பே அங்கே அடுப்பு இருந்தது என்று தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நீ தெனம் துன்ன எடம்தானே நைனா. உனுக்குத் தெரியாததா? ஒரு கையெழுத்து போடு."

மனுவை வாங்கிப் படித்தேன். மறுபடியும் படித்தேன். உள்ளே முதலாளி இருமும் சத்தம் கேட்டது. பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. படத்தின் மூலையில் வரைந்தவன் என்று என் கையெழுத்து இருப்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணாம் நைனா, குடு. உன் வேல பூடும்" என்று சொல்லி, மனுவை மெல்ல இழுத்தார்.

நான் கையை விட்டுவிட்டேன்.