சொல்லாமல் அடித்த மருந்து

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் பாகல் பந்தல் பச்சியப்பனுக்கு. பழ ஈ குத்திய பிஞ்சுகள் மஞ்சளாகி, புழுத்து உதிர்வதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். போன வருடம் ஆராய்ச்சி மாணவி சுசித்ரா வந்தாள். காயைத் தின்ற புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அங்கேயே அதைக் கொல்லும் பாக்டீரியாவை மண்ணிலிருந்தே பிரித்தெடுத்திருந்தாள். அந்தக் கரைசலைப் பந்தலின் மேற்குப் பாதியில் மட்டும் ஊற்றினாள்.

"ரெண்டு பக்கமும் வேற மருந்து அடிச்சிடாதீங்கண்ணா. வித்தியாசம் தெரியணும்."

"அடிக்கமாட்டேன் கண்ணு" என்றார்.

பத்து நாளில் மேற்கிலும் சொத்தை விழுந்தது. அங்கேதான் காய்ப்பு அதிகம். மிச்சமிருந்த பூச்சிமருந்தைக் கலக்கி, அந்தப் பாதிக்கு மட்டும் அடித்துவிட்டார்.

காய்களை எண்ண வந்த சுசித்ரா, மேற்கில் சொத்தை குறைந்திருப்பதைக் கண்டு துள்ளிக் குதித்தாள். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து கோவிந்தன் அந்த விளைச்சலைப் பார்த்துவிட்டு, அவளிடம் கரைசலை வாங்கித் தன் பீர்க்கங்காய்க்கும் அதை மட்டுமே ஊற்றினான். பாதிக்கு மேல் புழுத்துப் போனது.

"எங்க மண்ணுதான் சரியில்ல போல மாமா" என்றான் கோவிந்தன். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முதல் பச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் சுசித்ராவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"அந்தக் கணக்கு மொத்தமும் செல்லாதுங்கண்ணா. ஒரு வருசம் போச்சு."

கோவிந்தன் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். வாசலிலேயே நின்று கேட்டான்: "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல மாமா?" பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டான்.

இந்த வருடம் சுசித்ரா மறுபடி வந்தாள். தன் மருந்துத் தெளிப்பானைப் பச்சியப்பனே அவள் வண்டியில் ஏற்றிவிட்டார். கை துறுதுறுக்கும் என்று அவருக்கே தன்மேல் பயம். கரைசல் ஊற்றிய பக்கம் பத்துக்கு மூன்று சொத்தை. ஊற்றாத பக்கம் ஆறு. அவளுக்கு அது போதும்.

பச்சியப்பன் வரப்பைத் தாண்டிப் போனார்.

"பத்துக்கு மூணு போவுது கோவிந்தா. அதுவே முழுசா காப்பாத்தும்னு நம்பிடாத. விழுந்த காயையும் பொறுக்கி அழிக்கணும்."

கோவிந்தன் கொடியைக் கட்டிக்கொண்டே இருந்தான். திரும்பவில்லை.

"எத்தன தடவ ஊத்தணும்?" என்று மட்டும் கேட்டான்.

"மூணு தடவ" என்றார். மாமா என்று அவன் கூப்பிடாதது அவருக்கு உறைத்தது.